டிரீம்காஸ்ட் தட்டில் முதலில் எழுதும் சத்தமில்லாத பாட்டு

சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் விளையாட்டுப் பெட்டிக்குத் தாமே ஒரு சிடி எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். முதலில் நாலு விநாடிக்கு ஒன்றுமே கேட்காத ஒரு ஆடியோ டிராக்கை எழுதவேண்டும். அந்த செஷனை, அதாவது ஒரே மூச்சில் எழுதிய அந்தப் பகுதியை, மூடவேண்டும், தட்டை மட்டும் மூடிவிடக்கூடாது. அடுத்து, விளையாட்டின் கோப்புகளை 11702 என்ற எண்ணைக் கொடுத்து இமேஜாக்கி (தட்டில் அப்படியே எழுதும்படி ஒரே கோப்பாகக் கட்டி), அதன் தலையில் ஐபி.பின் என்ற சின்னக் கோப்பைப் பொருத்தி, இரண்டாவது செஷனாக எழுதவேண்டும். முதலில் ஓடவேண்டிய நிரல் கோப்பை அதற்கு முன்பே ஒரு கருவியில் போட்டுக் கலைத்து வைத்திருக்கவேண்டும். ஏன் நாலு விநாடி, ஏன் 11702, எதற்குக் கலைப்பது என்று கேட்டால் "அப்படிச் செஞ்சாத்தான் ஓடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த விநோதங்கள் அத்தனைக்கும் வேர் ஒன்றுதான். டிரீம்காஸ்ட் அந்தத் தட்டை விளையாட்டுத் தட்டாக எண்ணி ஏற்றுக்கொள்வதில்லை. கூடுதலாகக் கொஞ்சம் படமும் நிரலும் சேர்த்து வெளியிட்ட பாட்டு ஆல்பம் என்று எண்ணித்தான் ஏற்றுக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஆல்பம் எந்த வடிவில் இருக்கவேண்டும் என்று புரிந்துவிட்டால் மனப்பாடத்துக்கு வேலையில்லை.

மதுரையில் 2000-களின் தொடக்கத்தில் மணிக்கணக்கில் காசு வாங்கி விளையாடவிட்ட கடைகளில் இருந்தது பெரும்பாலும் முதல் பிளேஸ்டேஷன்தான். டிரீம்காஸ்ட் அபூர்வம். சிங்கப்பூர், மலேசியா, துபாய் போய்வந்த உறவுக்காரர் பெட்டியில் வந்தால்தான் உண்டு. பிளேஸ்டேஷனுக்கு உள்ளே ஒரு சிப்பை ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தச் சிப் இல்லாமல் எழுதிய சிடி ஓடாது என்பது கடைக்கு வரும் பொடியன்களுக்குக்கூடத் தெரியும். அதனால்தான் டிரீம்காஸ்ட்டை முதன்முதலில் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றாகவே இருக்கும்: "ஏண்ணே, சிப்பே போடாம இதுல மட்டும் எப்படிண்ணே ரைட் பண்ண சிடி ஓடுது?"

பிளேஸ்டேஷனின் காவல் எங்கே இருந்தது என்று பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். சோனியின் அசல் தட்டில் லீட்-இன் எனப்படும் உள்வளையத்தில் தடமே லேசாக நெளிந்திருக்கும். அந்த நெளிவில் நாலு எழுத்துக் குறியீடு ஒன்று ஒளிந்திருக்கும். ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. நம் ரைட்டர், வெற்றுத் தட்டில் ஏற்கெனவே வார்த்துவைத்த தடத்தின் மேல்தான் எழுதும். தடத்தை நெளிக்க அதனால் முடியாது. எனவே எத்தனை நுணுக்கமாகப் படியெடுத்தாலும் அந்தக் குறியீடு படியில் வராது. சிப் செய்ததெல்லாம் அந்த நாலெழுத்தைத் தானே சொல்லிவிடுவதுதான்.

சேகா வேறு வழியில் போனது. 1998 நவம்பர் 27-இல் ஜப்பானில் வெளிவந்த டிரீம்காஸ்ட்டுக்கு ஜிடி-ராம் என்று ஒரு புதுத் தட்டையே யமஹாவோடு சேர்ந்து உருவாக்கியது. தட்டின் உள்பக்கத்தில் சாதாரண சிடி அடர்த்தியில் நாலு நிமிடத்துக்கு ஒரு பகுதி. அதில் ஒரு சின்ன டேட்டா டிராக்கும், இதை பாட்டு பிளேயரில் போடாதீர்கள் என்று எச்சரிக்கும் குரல் டிராக் ஒன்றும் இருக்கும். அதற்கு வெளியே எழுத்துப் பொறித்த ஒரு வெற்று வளையம். அதற்கும் வெளியே, 45000-ஆம் செக்டாரில் (தட்டில் தரவு வைக்கும் சிறு துண்டுக்கு செக்டார் என்று பெயர்) தொடங்கி 112 நிமிட நீளத்துக்கு நெருக்கமான அடர்த்தியில் விளையாட்டு. செக்டாருக்கு 2048 பைட் என்று கணக்கிட்டால் அந்த வெளிப்பகுதி மட்டும் 103 கோடி பைட் கொள்ளும். கணினியின் சிடி டிரைவ் முதல் நாலு நிமிடத்தைப் படித்துவிட்டு, இவ்வளவுதான் தட்டு என்று நின்றுவிடும். வெளிப்பகுதி இருப்பதே அதற்குத் தெரியாது. படிக்கவே முடியாததை எப்படிப் படியெடுப்பது? சேகாவின் நம்பிக்கை இதுதான், அதில் தவறும் இல்லை. வீட்டில் எழுதிய சிடி ஓடியது ஜிடி-ராமின் காவலை நேராக உடைத்து அல்ல.

பக்கவாட்டில் சேகாவே ஒரு வழி விட்டிருந்தது. மில்-சிடி என்று அதற்குப் பெயர். இசை நிறுவனங்கள் வெளியிடும் பாட்டு சிடியில் கொஞ்சம் வீடியோ, மெனு, இணையத் தொடர்பு ஆகியவற்றையும் சேர்த்து, டிரீம்காஸ்ட்டில் போட்டால் திரையில் தெரியும்படிச் செய்யும் திட்டம். ஜப்பானில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் அப்படிப்பட்ட ஆல்பங்கள் வந்தன. திட்டம் பிசுபிசுத்துப் போனது. ஆனால் அந்தத் தட்டைத் துவக்கும் நிரல் உலகெங்கும் விற்ற டிரீம்காஸ்ட்டுகளின் பயாஸில், அதாவது பெட்டியைப் போட்டதும் ஓடும் உள்நிரலில், உட்கார்ந்துகொண்டது. மில்-சிடி சாதாரண சிடி அடர்த்தியில் இருப்பது. சாதாரண ரைட்டரில் எழுதக்கூடியது. 2000 ஜூனில் யுடோபியா என்ற குழு வெளியிட்ட துவக்கத் தட்டு இந்த வழியைத்தான் பிடித்தது. முதலில் அந்தத் தட்டைப் போட்டு, பிறகு எழுதிய விளையாட்டுத் தட்டை மாற்றிப் போடவேண்டும். அதன்பின், மாற்றவே தேவையில்லாமல் தானே துவங்கும் தட்டுகள் வந்தன. நாம் இங்கே பார்ப்பது அந்த இரண்டாவது வகையை.

இனி அந்த ஆல்பத்தின் வடிவம். பாட்டோடு டேட்டாவையும் ஒரே தட்டில் வைக்கும் ஆசை சேகாவுக்கு முன்பே பலருக்கு இருந்தது. பழைய முறையில் டேட்டாவை முதல் டிராக்காக வைத்துவிட்டு, பாட்டை இரண்டாவதிலிருந்து தொடங்குவார்கள். இதை ஒரு பழைய பாட்டு பிளேயரில் போட்டால், முதல் டிராக்கில் இருக்கும் டேட்டாவையும் பாட்டு என்று நினைத்து வாசித்துவிடும். கர்ணகடூரமான இரைச்சல் வரும். மைக் செட் வைத்திருப்பவர்களுக்கு அது என்ன சேதம் செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை. இதற்குத் தீர்வாகத்தான் 1995-இல் நீலப் புத்தகம் என்ற தரநிலை வந்தது: பாட்டுகள் முதல் செஷனில், டேட்டா இரண்டாவது செஷனில். வீட்டு சிடி பிளேயருக்கு செஷன் என்றால் என்னவென்றே தெரியாது. அது முதல் செஷனோடு நின்றுவிடும். கணினி கடைசி செஷனைத் தேடிப்போகும். ஒரே தட்டு, இருவருக்கும் தொந்தரவில்லை. மில்-சிடியும் இதே ஏற்பாட்டில் அமைந்ததுதான்.

ஆகவே டிரீம்காஸ்ட் தட்டின் முதல் செஷனில் பாட்டு இருக்கவேண்டும் என்பது ஆல்பம் என்ற அந்த வேஷத்தின் பகுதி. நமக்குப் பாட்டு எதுவும் தேவையில்லை. அதனால் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்கு ஒரு டிராக்கை வைத்து ஒப்பேற்றுகிறோம். சிடி தரநிலையில் ஒரு டிராக்கின் குறைந்தபட்ச நீளம் நாலு விநாடி. விநாடிக்கு 75 செக்டார், ஆக 300 செக்டார். சத்தமில்லாத அந்தப் பாட்டின் கதை இவ்வளவுதான்.

11702 எப்படி வந்தது என்பதற்கு சிடி எப்படி நிரம்புகிறது என்று தெரியவேண்டும். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சிடி உள்ளிருந்து வெளியே நிரம்பும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, வெளி வீதி என்று ஊர் விரிகிற மாதிரி, ஒவ்வொரு செஷனும் முந்தையதைச் சுற்றி ஒரு வளையம். ஒவ்வொரு வளையத்துக்கும் உள்ளோரத்தில் லீட்-இன், நடுவில் சரக்கு, வெளியோரத்தில் லீட்-அவுட். முக்கியமான விஷயம் கதவெண். அடுத்த வீதிக்குப் போனதும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காது. கோயில் வாசலிலிருந்து விட்ட எண் விடாமல் தொடரும். நடுவில் ஆள் குடியில்லாத இடத்துக்கும் எண் உண்டு.

இப்போது கூட்டிப் பார்ப்போம். நாலு விநாடி டிராக்குக்கு 300 செக்டார். டிராக்கை எழுதி முடித்து லேசரை நிறுத்தும்போது சேரும் ஓட்ட இடம் 2. முதல் செஷனின் லீட்-அவுட் ஒன்றரை நிமிடம், அதாவது 6750. இரண்டாவது செஷனின் லீட்-இன் ஒரு நிமிடம், 4500. டேட்டா டிராக்குக்கு முன்னால் விடவேண்டிய இரண்டு விநாடி இடைவெளி 150. மொத்தம் 11702. இரண்டாவது செஷனின் முதல் சரக்கு செக்டார் அந்த எண்ணில்தான் விழும். முதல் டிராக் பெரிதானால் இந்த எண்ணும் மாறும். 11702 என்பதைத் தெய்வவாக்காக எடுத்துக்கொண்டு பத்து விநாடிப் பாட்டை வைத்தவர்களின் தட்டு ஓடாமல் போனதன் காரணம் இதுதான். சிடிரெக்கார்டு போன்ற மென்பொருளில், முதல் செஷனை எழுதிய பிறகு அடுத்தது எங்கே தொடங்கும் என்று தட்டையே கேட்டுக்கொள்ள ஒரு கட்டளை இருக்கிறது. அதை நம்புவதே உத்தமம்.

இந்த எண்ணை இமேஜ் செய்யும்போதே ஏன் கொடுக்கவேண்டும்? ஐஎஸ்ஓ 9660 கோப்பு முறையில், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையில் எழுதியிருப்பது தட்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிய செக்டார் எண். வழக்கமான இமேஜ், தான் பூஜ்யத்தில் தொடங்குவதாக எண்ணிக்கொண்டு அந்த எண்களை எழுதும். அதைக் கொண்டுபோய் 11702-இல் வைத்தால், அட்டவணை 500-ஆம் செக்டாரில் கோப்பு இருக்கிறது என்று கைகாட்டும். அங்கே முதல் செஷனின் லீட்-அவுட்தான் இருக்கும். அதனால் இமேஜ் செய்யும்போதே ஒவ்வொரு முகவரியிலும் 11702-ஐக் கூட்டிவிடுகிறோம். கோப்பு முறையின் தலைப்புச் செக்டார் செஷன் தொடக்கத்திலிருந்து பதினாறு தள்ளி இருக்கும், அதாவது 11718-இல். அதற்கு முந்தைய பதினாறு செக்டாரை ஐஎஸ்ஓ தரநிலை காலியாக விட்டிருக்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் ஐபி.பின் குடியேறுகிறது.

செஷனை மூடு, தட்டை மூடாதே என்ற கட்டளை பலரைக் குழப்பும். ஒவ்வொரு செஷனின் லீட்-இன்னிலும் உள்ளடக்க அட்டவணை இருக்கும்: முதல் டிராக் எது, கடைசி எது, லீட்-அவுட் எங்கே. மல்ட்டிசெஷனாக எழுதினால் அதில் பி0 என்ற இன்னொரு வரி சேரும். அடுத்த செஷன் வந்தால் எங்கே வரும் என்று அது சொல்லும். டிரைவ் முதல் அட்டவணையைப் படித்து, பி0 காட்டும் இடத்துக்குப் போய், அங்கே அட்டவணை இருந்தால் அதையும் படித்து, இப்படியே கடைசிக்குப் போகும். முதல் செஷனை எழுதும்போதே தட்டை மூடிவிட்டால் அந்த வரி விழாது. டிரைவ் மேலே போகக் காரணமே இருக்காது. இரண்டாவது செஷனை எழுதவும் ரைட்டர் மறுத்துவிடும். கையில் மிஞ்சுவது நாலு விநாடி மௌனம் உள்ள பாட்டு சிடி.

இதன் மறுபக்கத்தை மதுரையின் ஸ்டூடியோக்காரர்கள் நன்றாகவே அறிவார்கள். நிச்சயதார்த்தப் படங்களை ஒரு செஷனிலும், கல்யாணப் படங்களை அடுத்த செஷனிலும் அதே சிடியில் எழுதித் தருவார்கள். பழைய செஷனை இழுத்துச் சேர்க்க மறந்துவிட்டால், கணினி கடைசி அட்டவணையை மட்டும் காட்டும். நிச்சயதார்த்தம் காணாமல் போய்விடும். உண்மையில் அழியவில்லை, அந்த வளையத்தில் அப்படியே இருக்கிறது, கைகாட்டத்தான் ஆளில்லை. ஒவ்வொரு செஷனுக்கும் இடம் வீணாவதும் அவர்களுக்குத் தெரிந்ததே. முதல் முறை 11250 செக்டார், கிட்டத்தட்ட 23 எம்பி. அடுத்தடுத்த லீட்-அவுட் அரை நிமிடம்தான் என்பதால் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 6750 செக்டார், 14 எம்பிக்குச் சற்றுக் குறைவு.

இரண்டாவது செஷனை மோட் 2 எக்ஸ்ஏ என்ற வகையில் எழுதவேண்டும் என்பதும் அதே ஆல்பத் தரநிலையின் கட்டளை. சாதாரண டேட்டா சிடி மோட் 1. எக்ஸ்ஏவில் செக்டாருக்கு 8 பைட் துணைத்தலைப்பு ஒன்று கூடுதலாக இருக்கும். கோப்புக்குக் கிடைக்கும் இடம் அதே 2048 பைட்தான். விசிடியில் வாங்கிய கல்யாண வீடியோவும் காதுகுத்து வீடியோவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அவற்றில் படம் இருக்கும் டிராக்குகள் பிழைதிருத்தும் பகுதியை விட்டுக்கொடுத்து, செக்டாருக்கு 2324 பைட் வாங்கிக்கொள்ளும். நிரலில் ஒரு பைட் மாறினாலும் வேலை கெடும் என்பதால் விளையாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வடிவம் சரியாகிவிட்டால் டிரீம்காஸ்ட் ஐபி.பின்னைப் படிக்கும். 32,768 பைட் கொண்ட இந்தக் கோப்பின் தொடக்கத்தில் சேகாவின் அடையாளச் சொற்கள், எந்தெந்த நாட்டுப் பெட்டியில் ஓடலாம், எந்தக் கோப்பை முதலில் ஏற்றவேண்டும் போன்ற விவரங்கள். பிறகு சேகாவின் லைசென்ஸ் திரையைக் காட்டும் நிரல். ஏற்றவேண்டிய கோப்பு பெரும்பாலும் 'ஃபர்ஸ்ட் ரீட்' என்ற பெயரில் இருக்கும்.

சேகா ஒரு பூட்டும் போட்டிருந்தது. தட்டு ஜிடி-ராமாக இருந்தால் அந்தக் கோப்பை அப்படியே நினைவகத்தில் ஏற்றும். மில்-சிடியாக இருந்தால், 32 பைட் துண்டுகளாக வெட்டி, ஒரு குறிப்பிட்ட வரிசையில் இடம் மாற்றித்தான் ஏற்றும். கோப்பை அதிகபட்சம் 2 எம்பி கொண்ட பாளங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பாளத்துக்குள்ளும் துண்டுகளைக் கலைக்கும். வரிசை எங்கிருந்து தொடங்கும் என்பது கோப்பின் அளவிலிருந்தே கிடைக்கும். விளையாட்டின் கோப்பை அசலிலிருந்து எடுத்து அப்படியே மில்-சிடியில் வைத்தால், ஒழுங்காக இருந்ததைப் பெட்டி கலைத்துவிடும், குப்பைதான் ஓடும். கலைக்கும் வரிசை வெளியே தெரிந்த பிறகு விடையும் எளிதாகிவிட்டது. முன்கூட்டியே நாம் எதிர்வரிசையில் கலைத்து வைத்தால், பெட்டி கலைப்பதாக நினைத்து ஒழுங்குபடுத்தித் தரும். இதை ரகசியக் குறியாக்கம் என்று சிலர் எழுதுவது மிகை. இதில் சாவியே இல்லை. வரிசை தெரியாதவரைதான் காவல்.

கொள்ளளவுச் சிக்கலுக்கு இவ்வளவு நேர்த்தியான பதில் கிடையாது. 80 நிமிட சிடியில் சுமார் 3,60,000 செக்டார். முதல் 11702 போக மிச்சத்தில் 71 கோடி பைட் கொள்ளும். ஜிடி-ராம் 103 கோடி. ஆனால் பல விளையாட்டுகள் ஜிடி-ராமை நிரப்பவில்லை. அவை அப்படியே அடங்கின. அடங்காதவற்றில் வீடியோவைச் சுருக்கினார்கள், இசையின் தரத்தைக் குறைத்தார்கள், சில நேரம் அறிமுகக் காட்சியையே தூக்கி எறிந்தார்கள். அப்படிச் செய்ததைப் படி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அது நறுக்கிய பதிப்பு. சின்ன விளையாட்டுகளில் எதிர்ப்பக்கத்து வேலை நடந்தது. தட்டு ஒரே வேகத்தில் சுழல்வதால் வெளியோரத்தில் படிப்பு வேகம் அதிகம். ஒரு பெரிய வெற்றுக் கோப்பை முன்னால் வைத்து விளையாட்டை வெளியோரத்துக்குத் தள்ளினார்கள்.

பாட்டு டிராக்குக்குப் பதில் முதல் செஷனிலும் டேட்டாவை வைக்கும் இன்னொரு வகையும் உண்டு. அதில் விளையாட்டின் சரக்கு முழுவதும் முதல் வளையத்தில் இருக்கும். இரண்டாவதில் ஐபி.பின்னும் கோப்பு அட்டவணையும் மட்டும். அந்த அட்டவணை முதல் வளையத்தை நோக்கிக் கைகாட்டும். ஸ்டூடியோக்காரர்கள் பழைய செஷனை இழுத்துச் சேர்ப்பது என்பதும் இதே வேலைதான்.

எழுதும்போது மதுரைக்கே உரிய இரண்டு தொல்லைகள். ஒன்று கரண்ட். ரைட்டருக்குத் தரவு வருவது நடுவில் தடைபட்டால் தட்டு வீணாகும் நிலை 2000 வாக்கில் சான்யோவின் பர்ன்-ப்ரூஃப் போன்ற ஏற்பாடுகளால் நீங்கியது. ஆனால் கரண்ட்டே போனால் எந்த ஏற்பாடும் உதவாது. யுபிஎஸ் இல்லாமல் எழுத உட்காராதீர்கள். மற்றது வெயில். சிடி-ஆரில் எழுத்து நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெளிச்சமும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரியில் கிடந்த தட்டைப் பழைய லேசர் படிக்கத் திணறும். பெட்டியின் லேசரும் கிழடு தட்டியதுதான் என்பதால் குற்றம் யார்மீது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலின் படியை முறைப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ சேதமானாலோ காப்பாக இருப்பதற்கு மட்டும் படியெடுப்பதை அனுமதிக்கிறது. கவரில் போட்டு விற்கவோ, நண்பர்களுக்குப் பத்துப் படி எழுதிக் கொடுக்கவோ அது இடம் தரவில்லை. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு தொழில்நுட்பக் காவலைத் தாண்டுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. இன்று இந்தத் தட்டு வடிவத்துக்கு வில்லங்கமில்லாத பயன் வேறு இருக்கிறது. காலிஸ்டிஓஎஸ் என்ற திறந்த கருவித் தொகுப்பில் ஆர்வலர்கள் எழுதும் புதிய விளையாட்டுகளும், நெட்பிஎஸ்டி போன்ற இயங்குதளமும் டிரீம்காஸ்ட்டில் துவங்குவது இதே இரண்டு செஷன் தட்டிலிருந்துதான்.

சேகா 2000 இலையுதிர்காலத்துக்குப் பிறகு செய்த பெட்டிகளில் மில்-சிடி ஆதரவை எடுத்துவிட்டது. 2001 மார்ச் இறுதியோடு உற்பத்தியையே நிறுத்தியது. மீனாட்சி பஜாரிலோ வேறெங்கோ பழைய பெட்டி கண்ணில் பட்டால், பேரம் பேசுவதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்க ஒட்டியில் வட்டத்துக்குள் 0 அல்லது 1 இருந்தால் எழுதிய தட்டை ஏற்கும். 2 இருந்தால் பெரும்பாலும் ஏற்காது.

எழுதிய தட்டு ஓடவில்லை என்றால் எங்கே பிசகு என்று கண்டுபிடிக்கச் சாதாரண பாட்டு பிளேயரில் தொடங்கலாம். ஒரு டிராக், நாலு விநாடி என்று காட்டினால் முதல் செஷன் சரி. அடுத்து கணினியில் போட்டு ஏதாவது ஒரு பெரிய கோப்பை வெளியே நகலெடுங்கள். இரண்டாவது செஷன் இருந்தும் கோப்புப் பெயர்கள் தெரியாவிட்டாலோ, நகலெடுக்க முடியாவிட்டாலோ 11702 கணக்கு தப்பியிருக்கலாம். இரண்டாவது செஷனே இல்லை என்றால் முதல் செஷனோடு தட்டையும் மூடியிருக்கிறீர்கள். இரண்டும் சரியாக இருந்து, டிரீம்காஸ்ட் மட்டும் மெனுவைத் தாண்டாமல் நின்றால் ஐபி.பின்னையோ பெட்டியின் அடிப்பக்க எண்ணையோ சந்தேகப்படலாம். லைசென்ஸ் திரை வந்து அதோடு உறைந்துபோனால், கோப்பைக் கலைக்க மறந்திருப்பீர்கள்.